பிளாஸ்க்கில் போன சூடு

எண்பதுகளில் ஆக்லாந்தின் ஒரு சிறிய நகரசபையில் பொறியியலாளராக இருந்தேன். பென்ரோஸில் ஒரு தொழிற்சாலை சாக்கடையில் விட்ட சுடுநீரைக் குழாயில் கொண்டுவந்து, எங்கள் முதியோர் குடியிருப்பைச் சூடாக்குவதே என் முதல் திட்டம். அங்கே இருந்தவர்கள் குளிருக்குப் பயந்து பகலிலும் போர்வைக்குள் கிடந்தார்கள்.

தொழிற்சாலையோ தெருவுக்கு அந்தப் பக்கம், வேறு சபையின் எல்லையில் இருந்தது. எங்கள் சபை உறுப்பினர்கள் மாதிரிக்குக் கொஞ்சம் சுடுநீர் கேட்டதால், அதைப் பிளாஸ்க்கில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். அந்தச் சபையின் அலுவலர் மறித்தார். கழிவை எல்லை கடத்த அனுமதி வேண்டுமாம். பிளாஸ்க்கை வாங்கி அலமாரியில் பூட்டினார்.

அனுமதி வர மூன்று வாரமானது. ஓவர்கோட் போட்டிருந்த எங்கள் சபைத் தலைவர் கூட்டத்தில் பிளாஸ்க்குக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "இதில் சூடே இல்லை. திட்டத்தைக் கைவிடுவோம்."

குறிப்பெழுதும் யாழ்ப்பாணத்து அண்ணை என் பக்கம் குனிந்தார். "தங்கச்சி, 'சூடு காணப்படவில்லை' எண்டு எழுதட்டே?"

"எழுதாதேங்கோ அண்ணை. இவையளையே அங்கை கூட்டிக்கொண்டு போவம்."

"அதுக்கும் அனுமதி கேப்பினம், பிள்ளை."

அதே கழிவுப் படிவத்தை எடுத்து நிரப்பினேன். பொருள்: உறுப்பினர்கள். அளவு: ஏழு. நிலை: குளிர்ந்தது.

அனுமதி மறுநாளே வந்தது.