சொரசொரப்பான பக்கம்

பரமத்தி வேலூரில் எங்கள் தெருவில் முதன்முதலாக மாடி எழுப்பிக் கட்டிய வீடு லாரிக்காரர் தண்டாயுதபாணியுடையது. அந்த வீட்டைப் பற்றி ஊரில் நிறையப் பேசியாகிவிட்டது. மாடியைப் பற்றி யாரும் பேசவில்லை, குளிக்கிற அறையின் கதவைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அவர் மனைவி பூவாத்தாளுக்கு அதனால் ஒரு பட்டப்பெயரும் வந்தது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. வைத்தவர்கள் வாய் அழுகட்டும்.

பூவாத்தாள் மல்லசமுத்திரத்துப் பெண். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் கல்யாணமாகி வந்தபோது தண்டாயுதபாணி யாரோ ஒருவருடைய லாரியில் கிளீனராக இருந்தார். மழையிலும் வெயிலிலும் லோடு மேல் ஏறிப் படுதா கட்டுவதுதான் அவர் வேலை. பூவாத்தாள் வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்குப் போய்க் குடும்பத்தை ஓட்டினாள். அடுத்த வருஷம் சாரதாமணி பிறந்தாள். அதற்குப் பிறகு குழந்தை இல்லை.

சாரதாமணிக்கு ஐந்து வயதானபோது பூவாத்தாளின் முதுகில் காசளவு ஓர் இடம் வெளுத்தது. இரண்டு வருஷத்தில் அது உள்ளங்கையளவு ஆகி, பிறகு தோள்பட்டை இரண்டையும் பிடித்துக்கொண்டது. சேலத்து டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, இது அடுத்தவருக்கு ஒட்டாது, உயிருக்கும் ஒன்றும் செய்யாது, பயப்படாதே என்றார். டாக்டர் சொல்லிவிட்டுப் போவார். தாயின் முதுகில் வெள்ளை விழுந்திருப்பது தெரிந்தால், மகளை எவன் கட்டுவான்? பூவாத்தாளுக்கு அன்றிலிருந்து இருந்த கவலை அது ஒன்றுதான்.

அவள் கழுத்துவரை மூடிய ஜாக்கெட் தைத்துப் போட்டுக்கொண்டாள். சித்திரை வெயிலிலும் அதேதான். தெருப் பெண்கள் அவளைப் பகட்டுக்காரி என்றார்கள். எல்லோரும் காவிரியில் குளிக்கப் போவார்கள், அவள் மட்டும் போனதில்லை. வீட்டுக்குப் பின்னால் தென்னந்தடுக்கு கட்டிய மறைப்புக்குள், விடிவதற்கு முன்னால் குளித்து முடித்துவிடுவாள். விஷயம் தெரிந்த ஒரே ஆள் புருஷன். அவருக்கு அது நல்ல வசதியாகப் போய்விட்டது. குழம்பில் உப்புக் கூடிவிட்டால், நாலு பேர் முன்னால் சிரித்துக்கொண்டே, முதுகு அரிக்குதா புள்ள, சொறிஞ்சு உடட்டுமா என்று கேட்பார். மற்றவர்களும் விஷயம் தெரியாமல் சிரிப்பார்கள். அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொள்வாள். இந்த மாதிரி மனிதர்களுக்கு அடி போடக் கை தேவையில்லை.

கிளீனர் டிரைவரானார், டிரைவர் முதலாளியானார். அறுபத்து மூன்றில் நான்கு லாரி ஓடியது. பம்பாய்க்கு லோடு போனபோது ஏதோ ஓட்டலில் ஷவரில் குளித்துவிட்டு வந்தவருக்கு, அது இல்லாமல் வீடு கட்டினால் வீடே இல்லை என்று ஆகிவிட்டது. கூடத்து மூலையில் கை கழுவ ஒரு பேசின், அதற்கு எதிரே ஷவர் அறை. மேலே தொட்டி, தொட்டிக்கு மின்சார மோட்டார். பாக்கி இருந்தது அந்த அறையின் வாசல் மட்டும்.

அதற்காகச் சேலத்திலிருந்து உபகாரசாமி வந்தார். கோயில்களுக்கும் பங்களாக்களுக்கும் கண்ணாடி போடுகிறவர், கையில் எப்போதும் இரண்டு மூன்று வெட்டுக்காயம் இருக்கும். மரக்கதவு தண்ணீரில் ஊதிவிடும், அதனால் வழி இரண்டுதான் என்று அவர் சொன்னார். கம்பியில் வளையம் கோத்துத் தொங்கவிடுகிற பிளாஸ்டிக் படுதா ஒன்று. மங்கல் கண்ணாடி போட்ட கதவு இன்னொன்று. படுதா மலிவு, நனைந்தாலும் கவலையில்லை, ஆனால் பார்வைக்குச் சுமார்தான். கண்ணாடி அழகு, ஆனால் பதனமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அதுவரை எந்த விஷயத்திலும் வாய் திறக்காத பூவாத்தாள், சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"ஏனுங்க, படுதாவே போட்டுருங்க."

தண்டாயுதபாணி திரும்பிப் பார்த்தார். பதினைந்து வருஷம் லோடு மேல் ஏறிப் படுதா கட்டியவன் நான், என் வீட்டுக்குள்ளேயும் படுதாவா தொங்க வேண்டும் என்று கேட்டார். அது அவருக்குப் பழைய பிழைப்பை ஞாபகப்படுத்துகிற சாமான். கண்ணாடிதான் என்று முடிவாகிவிட்டது.

கண்ணாடி வந்த அன்று இன்னொரு பேச்சு வந்தது. அதற்கு ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் தேய்த்துச் சொரசொரப்பாக்கியது. சொரசொரப்பான பக்கம் கூடத்தைப் பார்த்து இருக்க வேண்டும் என்றார் உபகாரசாமி. விரலை நனைத்து அதில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். இழுத்த இடத்தில் மங்கல் போய், அந்தப்பக்கம் இருந்த சுவர் பளிச்சென்று தெரிந்தது. தண்ணீர் தெறிக்கிற பக்கம் இது இருந்தால், ஆள் குளிக்கும்போது மறைப்பே இருக்காது. காய்ந்தால்தான் மறுபடி மங்கும்.

தண்டாயுதபாணி சொரசொரப்பைத் தடவிப் பார்த்து முகம் சுளித்தார். சாம்பல் பூசின மாதிரி இருக்கிறது, வருகிறவர்கள் கை வைத்தால் அழுக்குப் பிடிக்கும், வழவழப்பு வெளியே இருக்கட்டும் என்றார். உபகாரசாமி இரண்டாவது முறையும் சொல்லிப் பார்த்தார். "பொம்பளைங்க இருக்கற வீடுங்க, முதலாளி." என் வீட்டில் எவன் எட்டிப் பார்ப்பான் என்றார் தண்டாயுதபாணி. உபகாரசாமி சொன்னபடி மாட்டிவிட்டுச் சேலத்துக்குப் பஸ் ஏறினார். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

அன்று பூவாத்தாள் புருஷன் காலைப் பிடிக்காத குறைதான். "புள்ளைக்கு ஒரு எடம் அமையற வரைக்குமாச்சும் உள்பக்கம் ஒரு படுதா தொங்கட்டுமுங்க. அப்புறம் நீங்களே கழட்டி எறிஞ்சிருங்க." அவர் பீடியை அணைத்துவிட்டு, கண்ணாடி போட்டு அதற்கும் கோவணமா என்று சிரித்தார்.

அவள் அந்த அறைக்குள் போகவே இல்லை. கிணற்றடியில் நான்கு குச்சி நட்டுச் சாக்கைக் கட்டிக்கொண்டாள். மாடி வீட்டுக்காரி சாக்குக்குள் குளிக்கிறாள் என்று தெரு சிரித்தது. சிரிக்கட்டும் என்று இருந்துவிட்டாள். அப்படி ஒரு வருஷம் ஓடியது.

அறுபத்து நான்கு ஆவணியில் சாரதாமணியைக் கேட்டு வந்தார்கள். நாமக்கல் பக்கம், தோட்டம் துரவுள்ள குடும்பம். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். ஜாதகம் பொருந்திவிட்டது, வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. பூவாத்தாள் அந்த ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் முதுகைச் சுவருக்குக் கொடுத்தே வாழ்ந்ததற்குக் கூலி வந்துவிட்டது என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கிணற்றடிக்குப் போனால் சாக்கைக் காணோம், குச்சியையும் காணோம். காரில் வருகிறவர்கள் இந்தக் கந்தலைப் பார்க்க வேண்டுமா என்று தண்டாயுதபாணி ராத்திரியே பிடுங்கிப் போட்டிருந்தார். தலையில் எண்ணெய் வைத்தாகிவிட்டது. மங்கல காரியத்துக்கு முழுகாமல் நிற்க முடியாது. மகளைப் பேசினுக்குப் பக்கத்தில் காவலுக்கு நிறுத்தி, யார் வந்தாலும் நகராதே கண்ணு என்று சொல்லிவிட்டு, அவள் முதன்முதலாகக் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள்.

பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு, வழக்கம்போல் முதுகைச் சுவருக்குக் கொடுத்துத்தான் நின்றாள். ஆனால் சீயக்காய் கண்ணில் இறங்கினால் யாராக இருந்தாலும் தண்ணீர்ப் பக்கம் திரும்பத்தான் வேண்டும். கண்ணை இறுக மூடிக்கொண்டு திரும்பினாள். தண்ணீர் தலையில் விழுந்து கதவெல்லாம் தெறித்தது.

அந்த நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில், சீவிச் சிங்காரிக்காமல் பெண் படக்கூடாது. சாரதாமணி அம்மாவை மறந்தாள், உள்ளறைக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்வாள், அப்படித்தானே வளர்த்திருக்கிறார்கள்.

வருகிறவர்களுக்கு வாசலிலேயே செம்பில் தண்ணீர் கொடுப்பதுதான் எங்கள் பக்கத்து முறை. தண்டாயுதபாணிக்கு அது போதவில்லை. உள்ளே வாங்க, குழாயில் கை கழுவுங்க என்று மாப்பிள்ளையின் தாயார் அத்தாயியையும் கூட வந்த நான்கு பெண்களையும் பேசினுக்கே அழைத்துக்கொண்டு போனார். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் அவருக்குக் கேட்காமலா இருக்கும்? கேட்டது. "மேல இருந்து மழையாட்டம் ஊத்துமுங்க" என்று கையை நீட்டிக் காட்டினார்.

எல்லோரும் திரும்பினார்கள். கண்ணாடி நனைந்து தெளிந்திருந்தது. அதற்குப் பின்னால் பாவாடைக் கட்டுக்கு மேலே தோள் முழுக்க வெளுத்துக்கிடந்த முதுகு ஒன்று, அவசரமே இல்லாமல் தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்தது. அத்தாயி கை கழுவாமலே கூடத்து நடுவுக்குத் திரும்பினாள்.

பூவாத்தாள் குளித்து, கழுத்து மூடிய பட்டு ஜாக்கெட் போட்டு, ஈரத்தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தாள். வந்தவர்களைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக வாங்க என்றாள். அவளே காபி கலந்து ஒவ்வொருவருக்கும் நீட்டினாள். ஐந்து பேருக்கும் அன்று வயிறு சரியில்லையாம், யாரும் வாங்கவில்லை. சாரதாமணி வந்து விழுந்து கும்பிட்டாள். அத்தாயி அவளை எழுப்பக்கூடக் கையை நீட்டவில்லை.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது சாமி. ஊட்டுக்குப் போயிச் சொல்லியுடறோம்."

பூவாத்தாள் அதை நல்ல வார்த்தை என்று நம்பினாள். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்கு எள்ளுருண்டை கொடுத்தனுப்பினாள். இருட்டிய பிறகு சாப்பாட்டில் உட்கார்ந்த தண்டாயுதபாணி, சோற்றைப் பிசைந்துகொண்டே நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு அவள் மேலேயே பாய்ந்தார்.

"கதவுப்பக்கம் எதுக்குடி முதுகைக் காட்டிட்டு நின்ன?"

அவள் குழம்புச் சட்டியை இறக்கி வைத்தாள். உள்ளறையில் சாரதாமணி அழுகிற சத்தம் கேட்டது. காவல் நின்றவள் அவள்தானே.

அத்தாயி வீட்டிலிருந்து யாரும் சொல்லிவிடவில்லை. ஊர் முழுக்க மட்டும் சொல்லிவிட்டார்கள். ஐந்து பேர் பார்த்ததை ஐந்நூறு பேர் பார்த்த மாதிரி பேசினார்கள். கூலியாட்கள் பூவாத்தாள் கையால் மோர் வாங்க மறுத்தார்கள். மூன்று வருஷத்தில் ஏழு இடம் வந்து, ஏழும் விசாரித்துவிட்டுத் திரும்பின. அடுத்து எட்டாவதாகக் குஞ்சம்மாள் வந்தாள், கரூர்ப் பக்கத்திலிருந்து. அவள் தம்பிக்கு முப்பத்தெட்டு வயது, மனைவி செத்து இரண்டு குழந்தைகள். அவள் சுற்றி வளைக்கவில்லை. உங்கள் வீட்டு விஷயம் எங்களுக்குத் தெரியும், பரவாயில்லை, ஆனால் பெண்ணுக்கு இல்லை என்று தெரிய வேண்டும் என்றாள்.

"புள்ளையத் தொடவெல்லாம் வேண்டாமுங்க. அந்த ரூமுல குளிக்கச் சொல்லுங்க. நாங்க வெளிய நின்னு பாத்துக்கறோம்."

தண்டாயுதபாணி, பெண்கள் சமாச்சாரம் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். சாரதாமணி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இருபது வயதுப் பெண். வேண்டாம் என்று ஒரு வார்த்தை அம்மா வாயிலிருந்து வந்துவிடாதா என்று அவள் காத்திருந்தது, குஞ்சம்மாளுக்கே தெரிந்திருக்கும். அப்போது பூவாத்தாள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நானும் இதை வேறு விதமாக எழுதியிருப்பேன். அவள் மகளின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு உள்ளே போனாள். கண்ணாடிக் கதவைச் சாத்தினாள், மகளின் ரவிக்கையை அவிழ்த்தாள். மகளைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்தினாள், குழாயைத் திறந்தாள்.

தண்ணீர் கதவின் ஓரத்தில் மட்டும்தான் தெறித்தது. நடுவில் மங்கலாகவே இருந்தது. வெளியே நின்ற குஞ்சம்மாள், சரியாகத் தெரியவில்லை என்றாள். பூவாத்தாள் குனிந்து வாளியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டாள். சொரசொரப்பான பக்கத்தில் மேலிருந்து கீழாகத் தன் கையாலேயே ஊற்றினாள், காய்ந்திருந்த இடத்தையும் உள்ளங்கையால் நனைத்துத் தேய்த்துவிட்டாள்.

"இப்பத் தெரியுதுங்களா? நல்லாப் பாத்துக்குங்க, ஒண்ணும் இல்லைங்க."

தை மாதம் கல்யாணம் நடந்தது. சாரதாமணி கரூருக்குப் போனவள், தலைப் பிரசவத்துக்குக்கூடத் தாய்வீடு வரவில்லை.