இரண்டு இடக்கைகள் உள்ள ராஜா

புதுப் பொம்மைப் பெட்டியைத் திறந்ததும் பெவர்லி விடோசன் முதலில் செய்கிற காரியம், உள்ளே மடித்து வைத்திருக்கும் செய்முறைத் தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிவது. எந்தக் கை எந்தத் தோளில், எந்தத் தலை எந்தக் கழுத்தில் என்று எண் போட்டுச் சொல்லும் தாள் அது. "எனக்குச் சொல்லித்தர இவன் யாரு?" என்பாள். பிறகு, கசாப்புக்கடைக்காரர் ஆட்டைப் பார்ப்பதுபோல அந்தப் பிளாஸ்டிக் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் பூதமும் வீரனும் அவள் கண்ணில் படுவதில்லை. ஒரு தொடை படும், ஒரு தொப்பி படும், போர்வையின் ஒரு மடிப்பு படும். மிச்சத்தை டப்பாவில் போட்டுவிடுவாள்.

கட்டைவிரல் உயரச் சேனைகளை மேசையில் நிறுத்தி, பகடை உருட்டிப் போர் செய்கிற பைத்தியம் பிடித்தவர்கள் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் தெருவுக்கு நாலு பேர். பெவர்லிக்கு அந்தப் பைத்தியம் இருபது வயதில் பிடித்தது. இப்போது அறுபத்தொன்று. முப்பத்துநாலு வருடமாகப் பல்செட் செய்யும் பட்டறையில் வேலை. அங்கே எல்லாம் அளவு, எல்லாம் மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி. ஒரு கடைவாய்ப் பல்லைக்கூடத் தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. வீட்டுக்கு வந்தால் பூதத்தின் வாயில் குதிரைப் பல்லை வைப்பாள், யார் கேட்பது?

புருஷன் டெரிக் கேட்டான். ஒருநாள் காலை வெண்ணெய் தடவிய ரொட்டியில் ஒரு குட்டிப் பிசாசின் காது ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஒண்ணு நான், இல்ல இந்தக் குப்பை" என்றான். "போறதுன்னா போ. அந்தக் காதைத் துடைச்சு வெச்சுட்டுப் போ" என்றாள் இவள். அவன் போய்விட்டான். காது இன்னும் இருக்கிறது.

மூன்று வருடமாக அவள் கட்டியது ஒரே சேனை. தொண்ணூற்றொரு பேர். ஊரை ஒட்டி ஓடும் ட்ரென்ட் ஆற்றில் மூழ்கிச் செத்தவர்கள் எல்லாரும் எழுந்து வருவதாகக் கணக்கு. போன வருடம் புதிதாக வந்த சதுப்புநில ராட்சசர் பெட்டியிலிருந்து உடம்பு, அதற்கு முந்திய மாதம் வந்த குதிரைவீரர் பெட்டியிலிருந்து தலை, எலும்புக்கூட்டுப் பெட்டியிலிருந்து கை. ஒருத்தன் தூண்டிலோடு வருவான். ஒருத்தியின் கூந்தலில் விலாங்கு மீன் தொங்கும். அந்தப் பெட்டிகள் கடைக்கு வந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை எட்டரைக்கே வாசலில் நின்று வாங்கியவை. பளபளவென்று வந்த புதுச் சரக்கை அன்றைக்கே வெட்டிக் கூறுபோட்டவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

இதைப் பார்த்து வயிறெரிந்தவர் ரோலண்ட் ஓல்டர்ஷா. புல்வெல் தேவாலயத்தின் பின்கூடத்தில் புதன்கிழமை மாலைதோறும் கூடுகிற சங்கத்துக்கு அவர்தான் தலைவர். கார் ஓட்டும் தேர்வில் ஆட்களைத் தேர்ச்சி போடுவதும் தோற்கடிப்பதுமாக இருபத்தெட்டு வருடம் சம்பளம் வாங்கியவர். தோற்கடிப்பதில்தான் அவருக்கு ருசி. பெவர்லியையும் ஒரு தடவை தோற்கடித்திருக்கிறார், கண்ணாடியைப் பார்க்கவில்லை என்று. அந்த ஊரில் கடைக்காரரும் கண்டக்டரும் முன்பின் தெரியாதவரையும் 'வாத்தே' என்றுதான் வாஞ்சையாகக் கூப்பிடுவார்கள். ரோலண்டும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார். இவளை மட்டும் "பெவர்லி" என்று முழுப் பெயர் சொல்லி, "நீங்க" என்பார். அந்த மரியாதையில் விஷம் இருந்தது.

ரோலண்டின் செல்வம் ஒரு ராஜா. டிராகன்மேல் உட்கார்ந்து, வலக்கையில் வாளை ஓங்கிய ராஜா. எட்டு வருடத்துக்கு முன்பு ஒரு கண்காட்சியில், பழைய பொம்மைகள் விற்கும் மேசையில் வாங்கியது. கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார், புதியவர்களுக்குக் காட்டுவார். "பாரு வாத்தே. பெட்டியில வந்தபடி. ஒரு வெட்டு இல்ல, ஒரு ஒட்டு இல்ல. சிற்பி நெனச்சது இதுதான்" என்பார்.

பெவர்லி அதை முதல் நாளே பார்த்துவிட்டாள். அந்த ராஜா அவள் செய்தது.

அந்த வருடம் புதிதாக வந்த மலைக்காவலர் பெட்டியில் ஓர் இடக்கைக்காரன் இருந்தான். வாளைப் பிடித்த முஷ்டி என்றால் அப்படி ஒரு முஷ்டி, நரம்பெல்லாம் தெரியும். ராஜாவின் சொந்தக் கையை மணிக்கட்டோடு வெட்டிவிட்டு அதை ஒட்டினாள். வர்ணமும் அடித்து முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது: வலது மணிக்கட்டில் இடக்கை. கட்டைவிரல் தப்பான பக்கத்தில் நிற்கிறது. பல் கட்டுகிறவள், இடம் வலம் தெரியாமல் ஒட்டிவிட்டாளே! வெட்கம் பிடுங்கித் தின்றது. பெயர் சொல்லாமல் அந்த விற்பனை மேசையில் தள்ளிவிட்டு வந்தாள். எட்டு வருடம் வாயைத் திறக்காததற்கும் அந்த வெட்கம்தான் காரணம்.

சித்திரை கழிந்து, வருடாந்திரக் கோப்பைப் போட்டி வர மூன்று வாரம் இருக்கும்போது கூடத்தின் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ரோலண்டின் கையெழுத்து. சங்கத்து மேசையில் நிற்கும் எந்தப் பொம்மையிலும் வேறு பெட்டியின் உறுப்பு இருக்கக் கூடாது. அதன் சொந்த உறுப்பு எதையும் வெட்டிக் குறைக்கவும் கூடாது. அடுத்த புதனன்று ஓட்டெடுப்பு.

யாரைக் குறிவைத்தது என்று குழந்தைக்கும் தெரியும். பெவர்லிக்கு வேறு சங்கம் இல்லை, வேறு மேசையும் இல்லை. இங்கே நிற்க முடியாவிட்டால் அந்தத் தொண்ணூற்றொரு பேரும் அலமாரியில் தூசி தின்ன வேண்டியதுதான்.

ஓட்டெடுப்பு நாளன்று சங்கத்தின் பதினொரு பேரும் வந்திருந்தார்கள். புதினாச் சாறு ஊற்றிய பட்டாணி மசியல் கிண்ணம் கிண்ணமாக ஆறிக்கொண்டிருந்தது.

"எதிராளி மேசையப் பாத்தா, எது என்னன்னு ஒரு நொடியில தெரியணும்" என்றார் ரோலண்ட். "பெவர்லி, உங்க சேனையப் பாத்தா எனக்குக் குப்பை லாரி கவுந்த மாதிரி இருக்கு."

"உனக்குக் கண்ணு தெரியலன்னா அதுக்கு நான் என்ன பண்றது?"

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. இருபத்தெட்டு வருஷம் மத்தவங்க தப்பைப் பாத்தே பொழைச்ச கண்ணு."

"ஆமா, ஆமா. பாத்துக்கிட்டே இரு."

செயலாளர் கிளிப்டன் பெக்சன், பேருந்து ஓட்டுகிறவன், சண்டை என்றாலே வியர்த்துப்போகிறவன், அவளைக் கெஞ்சலாகப் பார்த்தான். "பெவ், ஏதாவது சொல்லணும்னா இப்பச் சொல்லிடு வாத்தே. ஓட்டுக்கு அப்புறம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல."

சொல்லியிருக்கலாம். ராஜாவின் கட்டைவிரலைக் காட்டியிருந்தால் காகிதம் அங்கேயே கிழிந்திருக்கும். ஆனால் அவளுக்கு அது போதவில்லை. ரோலண்ட் தன் கையாலேயே அந்தக் கயிற்றைத் தன் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல. ஓட்டெடு" என்றாள்.

ஆறுக்கு ஐந்து. ரோலண்ட் ஜெயித்தார். கிளிப்டனின் கை அவர் பக்கம் உயர்ந்திருந்தது.

"மன்னிச்சுக்கங்க, பெவர்லி" என்றார் ரோலண்ட், பல் தெரியாமல் சிரித்துக்கொண்டு. "விதி விதிதான். உங்க ஆளுங்களை டப்பாவில எடுத்து வைக்கலாம்."

"வைக்கிறேன். மொதல்ல மேசையில இருக்கிற உன் ராஜாவை இறக்கு."

"என்ன?"

"அவன் வாள் புடிச்ச கையப் பாருய்யா. கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கு? உன் கையத் தூக்கிப் பக்கத்துல வெச்சுப் பாரு."

கூடமே வலக்கையைத் தூக்கி முஷ்டி பிடித்தது. பதினொரு பேரும் தங்கள் கட்டைவிரலையும் ராஜாவின் கட்டைவிரலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ரெண்டும் இடக்கை" என்றான் கிளிப்டன், மெல்ல.

"மலைக்காவலர் பெட்டி. மூணாவது சட்டம். ஒட்டினது நான். தப்பா ஒட்டினதும் நான்தான், கேட்டுக்கங்க எல்லாரும்" என்றாள் பெவர்லி. எட்டு வருட வெட்கம் ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது. "சிற்பி நெனச்சது இதுதான்னு ஊரெல்லாம் காட்டினியே, அந்தச் சிற்பி நான்தான்யா!"

ரோலண்டின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்து வெட்டும் குறடு ஒன்றை எடுத்தார். என்ன செய்யப்போகிறார் என்று புரிந்த நொடியில் பெவர்லி, "யோவ், வேணாம்யா" என்று கத்தினாள். டக்கென்று ஒரு சத்தம். வாளோடு அந்த முஷ்டி மேசையில் விழுந்து உருண்டது.

"இப்ப வேற பெட்டி உறுப்பு எதுவும் இல்ல" என்றார் அவர். முஷ்டியை அவள் பக்கம் விரலால் சுண்டினார். "உங்க குப்பை. எடுத்துக்கங்க."

பெவர்லி அதை உள்ளங்கையில் எடுத்துவைத்துப் பார்த்தாள். தொண்ணூற்றொரு பேரைத் தடை செய்தபோதுகூட அவளுக்கு இப்படி வலிக்கவில்லை. அந்த முஷ்டியின் நரம்புகளுக்கு ஒற்றை மயிர்த் தூரிகையால் வர்ணம் அடித்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. தப்பான கைதான். ஆனாலும் அவள் கட்டியதிலேயே அழகான கை.

பதில் சொன்னவன் கிளிப்டன். காகிதத்தைக் கதவிலிருந்து எடுத்துவந்து விரல் வைத்துப் படித்தான். "வெட்டிக் குறைக்கவும் கூடாதுன்னு போட்டிருக்கீங்களே. சொந்தக் கை போயி மொட்டையா நிக்குது. ராஜா இப்பவும் வெளியதான், ரோலண்ட்."

கூடம் கொல்லென்று சிரித்தது. ரோலண்ட் மட்டும் குறடும் கையுமாக, வெட்டுப்பட்ட இடத்தில் தெரிந்த வெள்ளைப் பிளாஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். விதியை மறுபடி ஓட்டுக்கு விட்டார்கள். எட்டுக்கு மூன்று, காகிதம் குப்பைக்கூடைக்குப் போனது. பெவர்லியின் சேனை மேசையிலேயே நின்றது. அவள் அந்த முஷ்டியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு, யாருக்கும் வணக்கம் சொல்லாமல் பேருந்து ஏறினாள்.

கோப்பைப் போட்டியில் ரோலண்டின் ராஜா மொட்டைக் கையோடு வந்தான். வெட்டுப்பட்ட இடத்துக்கு வர்ணம்கூட அடித்திருக்கவில்லை. பகடை அவர்கள் இருவரையும் ஒரே மேசையில் எதிரெதிரே போட்டது. மூன்று மணி நேரம் ஆடினார்கள். பகடையின் எண்களைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. மூழ்கிச் செத்தவர்கள் ராஜாவை வளைத்துக் கொன்றார்கள். அவர் எழுந்து, "நல்லா ஆடினீங்க, பெவர்லி" என்றார். அவள் தலையைக்கூட ஆட்டவில்லை.

அவள் கோட்டுப் பையில் ஒரு தீக்குச்சிப் பெட்டி இருந்தது. அதற்குள் பஞ்சில் ஒரு கை. போட்டிக்கு முந்திய சனிக்கிழமை, புதிதாக வந்த பெட்டி ஒன்றை வாங்கி, மற்றதையெல்லாம் டப்பாவில் போட்டுவிட்டு, அந்த ஒரே ஒரு கைக்காக அதை வெட்டியிருந்தாள். வலக்கை. கட்டைவிரல் சரியான பக்கம். ராஜாவின் மணிக்கட்டுக்கு அளவெடுத்தது மாதிரி பொருந்தும். அளவு அவளுக்குத்தானே தெரியும். அந்தப் பழைய வாளையும் அதிலேயே பொருத்தி, நரம்புகளுக்கும் வர்ணம் அடித்து வைத்திருந்தாள்.

கேட்டால் கொடுப்பாள். கேட்கட்டுமே, வாய் இருக்கிறதல்லவா? இரண்டு வருடமாகிறது. புதன்கிழமை தவறாமல் ராஜா மொட்டைக் கையோடு வருகிறான். தீக்குச்சிப் பெட்டியும் வருகிறது. அவர் இன்னும் கேட்கவில்லை.