அம்மாவின் இடது கால்

என் அம்மா தையல்காரி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே மிதி மெஷினில் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து மிதித்தவள். அழுத்தினால் இரண்டும் அழுத்தும், எடுத்தால் இரண்டும் எழும். ஒரு கால் ஒரு வேலையும் மற்றது வேறு வேலையும் செய்யலாம் என்று அந்தக் கால்களுக்கு யாரும் சொன்னதில்லை. அப்படிப்பட்டவள் ஐம்பத்து மூன்று வயதில் கார் ஓட்டக் கிளம்பினாள்.

வேறு வழியில்லை. அப்பா பஸ் டிரைவர். பார்வை மங்கிவிட்டது, இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று கண் டாக்டர் சொன்ன அன்றே, வீட்டுக் காருக்கு உறை போட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்துவிட்டார். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் ஏறமாட்டார். ஏறினால் அவர் வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடித் தேடித் தரையை மிதிக்கும். இறங்கும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். கண்ணுக்கு மாதாமாதம் ஊசி போட்டாக வேண்டும். இரண்டு முறை போகாமல் விட்டுவிட்டார். மிச்சமிருக்கும் பார்வையும் போய்விடுமோ என்று அம்மா பயந்தாள்.

"நான் ஓட்டினா வருவீங்கல்ல?"

"நீ ஓட்டினா வரேன்," என்றார் அப்பா. நடக்காது என்கிற தைரியம்தான்.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் பொறுமைசாலி. இடது காலால் கிளட்சை மெதுவாக விட்டுக்கொண்டே வலது காலால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தச் சொன்னார். அம்மா வலது காலை அழுத்துவாள்; இடது காலும் கூடவே இறங்கும். என்ஜின் ஊரைக் கூட்டும், வண்டி நகராது. பதறிப்போய் எடுப்பாள், இரண்டும் எழும். வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிடும். "கிளட்ச் இல்லாத வண்டியா பாத்து வாங்கிக்கோங்கம்மா," என்று அவர் ஒரு பெரிய கும்பிடு போட்டார்.

இதைக் கேட்டதும் அப்பாவுக்கே பொறுக்கவில்லை. சமையலறையில் இரண்டு நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தார். "என் காலைப் பாரு. இது இறங்குது, அது ஏறுது."

அம்மா கண்கொட்டாமல் பார்த்தாள். செய்தாள். இரண்டும் சேர்ந்தே இறங்கின.

"கண்ணுக்குப் புரியுது, காலுக்குப் புரியலையே!" என்றாள்.

தெருவில் போகிறவள் போட்டிருக்கும் ரவிக்கையை ஒருமுறை பார்த்தாலே அதன் வெட்டு அம்மாவின் கைக்கு வந்துவிடும். தெரிந்த வேலையென்றால் அவளுக்குப் பார்ப்பதே பாதி செய்ததுபோல. தெரியாத வேலையில்தான் தலைகீழாக நின்றாலும் வரவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

என் ஆறு மாதப் பெண் அப்போது என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கப் போகிறதே என்று அவளை அப்பாவிடம் நீட்டினேன். அவருக்குப் பார்வை சரியில்லை. அவர் கை எடையை வாங்க வாங்கத்தான் என் கையைத் தளர்த்தினேன். குழந்தை முழிக்கவில்லை.

தற்செயலாகக் கீழே பார்த்தேன். எங்களையே பார்த்துக்கொண்டிருந்த அம்மாவின் வலது கால் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது, இடது கால் மெல்ல எழுந்துகொண்டிருந்தது. அவளுக்கே தெரியவில்லை.

"அம்மா, உன் காலைப் பாரு!"

பார்த்தாள். "அட, இவ்வளவுதானா? வாங்குறவங்க வாங்க வாங்க விடணும். இதை முதல்லயே சொல்லித் தொலைச்சா என்னவாம்?" என்று அப்பாமேல் பாய்ந்தாள்.

"இத்தனை வருஷம் ஓட்டின எனக்கே இப்பதானே தெரியுது!"

அதற்குப் பிறகு வண்டியை எடுக்கும்போதெல்லாம் "வாங்கிக்கோ... வாங்கிக்கோ" என்று முணுமுணுப்பாள். யாரோடு பேசுகிறீர்கள் என்று டெஸ்ட் எடுத்த அதிகாரி கேட்டாராம். முதல் தடவை ரிவர்ஸில் கோட்டை விட்டாள். இரண்டாம் தடவை லைசென்ஸோடு வந்தாள்.

கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். கொடுத்த வாக்கு கழுத்தைப் பிடிக்க, அப்பா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். நான் குழந்தையோடு பின்னால். முதல் சிக்னலில் அவர் கால் தரையை ஓங்கி மிதித்தது. அடுத்ததிலும் மிதித்தது, கொஞ்சம் மெதுவாக. பாலம் தாண்டி அடுத்த சிக்னலில் நின்றபோது சத்தத்தையே காணோம். எட்டிப் பார்த்தேன். அப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். ஓடுகிற வண்டியில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

"எழுப்பட்டுமா?"

"வேண்டாம், தூங்கட்டும்," என்றாள் அம்மா. பச்சை விழுந்தது. "வாங்கிக்கோ," என்று முணுமுணுத்தபடி, அவர் முழித்துவிடாமல் வண்டியை எடுத்தாள்.