தோளுக்கு ஒரு சும்மாடு

என் கணவர் குள்ளம். இதைப் படித்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வைத்துக்கொள்ளட்டும், எழுதுவது நான்தானே.

அப்போது யுத்த காலம். திருத்தணியில் மாசித் திருவிழா. சாமி புறப்பாட்டில் பல்லக்கின் தண்டைத் தோளில் தூக்கும் இடம் ஒன்று எங்கள் வீட்டுக்கு வழிவழியாக உண்டு. மாமனார் மூட்டு வலியில் படுத்துவிட்டதால் அந்த வருஷம் அது இவருக்கு வந்தது. மாமனார் நல்ல உயரம். இவரோ கூடத் தூக்குகிறவர்களின் காதுக்குத்தான் வருவார். முதல் நாள் தண்டு இவர் தோளில் படவே இல்லை. திருவிழாவுக்கு வந்து பின்னால் தோள் கொடுத்த என் தம்பி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"பாவா, நாங்க சாமிய தூக்கிகினு வரோம். நீங்க சாமிகூட நடந்துகினு வரீங்க."

இவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கவில்லை. இப்படியே போனால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள், அப்பா தூக்கிய தண்டு தன்னோடு போய்விடும் என்று புலம்பினார். எனக்கு என் தம்பிமேல் பற்றிக்கொண்டு வந்தது.

கொல்லையில் இலவமரம் இருந்தது. பஞ்சை அடைத்துத் தலையணை கணக்கில் ஒரு சும்மாடு தைத்தேன். தோளில் கட்டிப் பார்த்தால் உயரம் சரியாக இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் தண்டு ஏறியதும் அது அப்பளமாகிவிட்டது. பஞ்சு பேசாமல் அமுங்கிக் கிடக்க, பாரமெல்லாம் மற்றவர்கள் தோளுக்கே போனது. இறக்கி வைத்ததும் ஒன்றும் அறியாததுபோல் மறுபடி உப்பிக்கொண்டது. அதைப் பிரித்துப்போட்டபோது வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது.

என் பிறந்த வீடு பள்ளிப்பட்டில், தறிக்காரர்கள் வீடு. கேலி பேசிய தம்பியையே விரட்டி, தறியில் கழிந்த நூலை மூட்டையாகக் கொண்டுவரச் சொன்னேன். அதே பைக்குள் அடைக்க ஆரம்பித்தோம். முதலில் பிடி பிடியாகச் சுலபமாகப் போனது. பிறகு ஒவ்வொரு பிடியும் மல்லுக்கு நின்றது. தம்பி உலக்கையால் குத்தினான், வியர்த்து ஊற்றியது, எனக்கு மனம் குளிர்ந்தது. மூட்டை முழுவதும் உள்ளே போனது. கடைசியில் அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்தேன். இனி அமுங்க அதில் ஒன்றும் இல்லை.

இவர் தட்டிப் பார்த்துவிட்டு, கருங்கல்லைத் தைத்திருக்கிறாயா என்று கேட்டார்.

அடுத்த புறப்பாட்டில் கற்பூரத் தட்டோடு ஓரமாக நின்றேன். தண்டு ஏறியது. சும்மாடு அசையவில்லை. இவர் கழுத்து நரம்பு புடைத்தது, முழங்கால் லேசாக மடங்கி நிமிர்ந்தது. என் தம்பி வாயைத் திறக்கவில்லை. அழுகை வந்துவிட்டது எனக்கு.

வீட்டுக்கு வந்து சும்மாட்டை அவிழ்த்தால், தோளில் தண்டின் அகலத்துக்குச் சிவந்து கன்றிப்போயிருந்தது. எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டு ஓடினேன். கையைத் தள்ளிவிட்டார்.

"எண்ணெய் அப்புறம் போடு. முதல்ல நைனாகிட்ட காட்டிட்டு வரேன்" என்று மாமனார் படுத்திருந்த அறைக்கு ஓடினார்.