அவிழாத குடுமி

எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. கையெழுத்துப் போடுவேன், கடைப் பலகை படிப்பேன், இதைக்கூட நிறுத்தி நிறுத்தித்தான் எழுதுகிறேன். ஆனால் பந்தாட்டம் பார்ப்பதில் அந்தக் காலத்து அல்சூரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், இருந்தாலும் உண்மை.

முதல் உலகச் சண்டை முடிந்து பட்டாளங்கள் தண்டுக்கு, அதாவது கன்டோன்மென்டுக்கு, திரும்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் அம்மா நான் தவழும்போதே போய்விட்டாள். வீட்டை ஆண்டவள் அப்பாவின் தமக்கை, எங்கள் அத்தை. அத்தைக்கு ராகு காலத்தில் நம்பிக்கை உண்டு, மனிதர்களிடம் கிடையாது. அந்த குணத்தில் பாதி எனக்கு வந்திருக்கிறது. அப்பா மைசூர் சர்க்கார் கச்சேரியில் உத்தியோகம். அக்கா கல்யாணத்துக்குக் காத்திருந்தாள். அப்பாவின் தம்பி, சித்தப்பா, பாதிரிமார் நடத்திய கல்லூரியில் கொஞ்ச நாள் படித்துவிட்டுப் பாடங்களை விட்டார். பந்தாட்டத்தை மட்டும் விடவில்லை. மைதானத்துக்குப் போகிறேன் என்றால் அத்தை விடமாட்டாள். அதனால் "குழந்தைக்குக் காத்து வாங்கிட்டு வரேன்" என்று என்னைக் கூட்டிப் போவார். காற்று என்னவோ அவர்தான் வாங்கினார். ஆட்டத்தைப் பார்த்தவள் நான்.

பரேடு மைதானத்தின் ஓரத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்போம். கல்லூரிப் பையன்கள் வெறுங்காலோடு ஆடுவார்கள். எதிரே சோல்ஜர்கள் பூட்ஸ் காலோடு வருவார்கள். சித்தப்பா கத்துவார், குதிப்பார், பக்கத்தில் இருப்பவனைக் கட்டிக்கொள்வார். நான் வாயைத் திறக்கமாட்டேன். ஒவ்வொருவனாகச் சந்தேகப்படுவேன்.

கோல் காக்கிறவன் வலப்பக்கம் புலி, இடப்பக்கம் பூனை. அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ரைட் பேக் ஆடியவன் சோல்ஜர்களிடம் சிகரெட் வாங்கிப் பிடிப்பான் என்பதும், அவர்களோடு ஆடும் நாளில் மட்டும் அவன் கால் வழுக்கும் என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும். இடது ஓரத்தில் ஓடுகிறவன் மானைப் போல ஓடுவான், ஓடி முடித்ததும் எதற்கு ஓடினோம் என்று நினைத்துப் பார்ப்பான். இவர்களை எல்லாம் கட்டி இழுத்துக்கொண்டு போனவர் சென்டர் ஃபார்வர்டு. உயரமாக, மாநிறமாக, அதிகம் பேசாதவராக இருப்பார். அவர் காலில் பந்து இருந்தால் சித்தப்பாவே சும்மா நிற்பார்.

எனக்கு அதிக சந்தேகம் அவர் மேலேதான்.

காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் பையன்கள் பலருக்கும் குடுமி. ஓடும்போது அவிழாமல் இருக்கத் தலையில் உருமால் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். என்ன கட்டினாலும் அவிழும். ஹாஃப் டைம் விட்டதும் மரத்தடிக்கு வந்து உருமாலை உதறி, குடுமியை அள்ளி முடிந்து மறுபடி கட்டுவார்கள். பார்த்தால் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் கூடினது போல இருக்கும். இவர் ஒருவர் மட்டும் உருமாலில் கையே வைக்கமாட்டார். எவ்வளவு ஓடினாலும், சோல்ஜர் இடித்து மண்ணில் புரண்டாலும், பின்மண்டையில் அந்த முடிச்சு வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். இன்னொன்று, பந்து தலைக்கு மேலே வந்தால் குனிந்துவிடுவார். முட்டினால் கோல் என்று இருந்தாலும் குனிவார். "உயரமா வளந்து என்னத்துக்கு! ஒட்டகமே, முட்டுடா!" என்று ஜனங்கள் கத்துவார்கள். காதில் விழாதது போல ஓடுவார்.

இப்படி இருக்கையில், ஆனேக்கல் பக்கத்துப் பெரிய குடும்பம் ஒன்றிலிருந்து அக்காவுக்கு வரன் வந்தது. நிலம் நீச்சு உண்டு, பையன் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறான், பந்தாட்டத்தில் பெயர் எடுத்தவன் என்றார்கள். சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார். "நம்ம சென்டர் ஃபார்வர்டு! அண்ணே, யோசிக்கவே வேணாம்" என்றார்.

"அவருக்குத் தலையில என்னமோ இருக்கு" என்றேன் நான்.

அத்தை முறத்தைக் கீழே வைத்தாள். "என்னடி இருக்கு?"

"தெரியாது அத்தை. எல்லாருக்கும் குடுமி அவுந்துடும், அவருக்கு அவுறாது. பந்து தலைக்கு வந்தா குனிஞ்சிடுவாரு."

அத்தைக்கு அது போதும். "புழுவெட்டா இருக்குமோ? படையோ? இல்ல, அடி பட்டா வலிப்பு வருமோ?" என்று வியாதிகளை ஒவ்வொன்றாக அந்தத் தலையில் ஏற்றினாள்.

"அவன் காலால ஆடறவன். தலையைப் பத்தி என்ன பேஜாரு உங்களுக்கு?" என்றார் சித்தப்பா.

"உன் அண்ணன் பொண்ணு கட்டிக்கப்போறது காலையா? தலையோட சேத்துத்தானே கட்டிக்கணும்!"

அன்று சாயங்காலம் அக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். "ஏண்டி, அவர் குனியறப்போ பயந்த மாதிரி இருக்காரா, வெக்கப்பட்ட மாதிரி இருக்காரா?"

இது என்ன கேள்வி? "குனியறப்போ குனியற மாதிரிதான் இருக்காரு" என்றேன். அக்கா வாளியைக் கிணற்றில் விட்டாள்.

அப்பா அவசரக்காரர் இல்லை. கோப்பைக்கான கடைசி ஆட்டம் வரப்போகிறது, நேரிலேயே போய்ப் பார்த்துவிடுவோம், பையனின் தகப்பனாரையும் வரச் சொல்வோம், அவனுக்கும் விஷயம் தெரியட்டும் என்றார். அக்கா கூட்டத்தில் நிற்க முடியாது. அதனால் ஒரு ஜட்காவுக்குத் திரை கட்டி, அதில் அத்தையும் அக்காவும் உட்கார, தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துவதாக ஏற்பாடு. எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளையைப் பெண் முதலில் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவும் திரையின் கிழிசல் வழியாக.

பையனின் தகப்பனார் காதில் கடுக்கனும் கையில் குடையுமாக வந்து அப்பா பக்கத்தில் பெஞ்சியில் உட்கார்ந்தார். ஆட்டம் அவருக்கு விளங்கவில்லை, மகன் விளங்கினான். "இங்கிலீஷ் படிக்கிறான், வெள்ளைக்காரனோட ஆடறான். ஆனா பாருங்க, குடுமியை விடலை. 'அதை எடுத்த அன்னிக்கு உன் படிப்பையும் எடுத்துடுவேன்'னு சொல்லித்தான் அனுப்பிச்சேன். ஊருக்கு வந்தாலும் ஜலதோஷம்னு தலைப்பாவை அவுக்கமாட்டான், அப்படி ஒரு பத்திரம்" என்றார். அப்பா தம் குடுமியைத் தடவிக்கொண்டு தலையாட்டினார். எனக்குத்தான் அந்த ஜலதோஷத்தின் மேல் சந்தேகம் வந்தது.

முதல் பாதியில் ஆளுக்கொரு கோல். சோல்ஜர்கள் போட்டது, ரைட் பேக் வழுக்கி விழுந்த இடத்தில். நம் கோலைப் போட்டவர் சென்டர் ஃபார்வர்டு, காலால். ஆனால் தலைக்கு வந்த நல்ல பந்து ஒன்றை வழக்கம் போலக் குனிந்து விட்டுவிட்டார். திரைக்குள்ளிருந்து அத்தை, "பாத்தியா, பாத்தியா!" என்றாள்.

ஹாஃப் டைமில் பட்டாளத்து பாண்டு முழங்கியது. எங்கள் ஜட்காக் குதிரை மிரண்டு பின்னுக்குத் தள்ளியது. அத்தை அலறிக் கீழே குதித்து, குதிரையின் தலைப்பக்கம் போய், வண்டிக்காரனை அவன் பாட்டன் வரைக்கும் வைய ஆரம்பித்தாள். நான் வண்டியின் பின்பக்கம் நின்றேன். கல்லூரியின் தண்ணீர்ப் பானை அந்த மரத்தடியில்தான் இருந்தது. மற்றவர்கள் குடித்துவிட்டுக் குடுமியை முடிந்துகொண்டு அந்தப் பக்கம் போனார்கள். சென்டர் ஃபார்வர்டு கடைசியாக வந்து சொம்பைத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

திரைக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. உரக்கவும் இல்லை, பயந்தும் இல்லை.

"உங்க தலையில என்ன?"

அவர் முதலில் என்னைப் பார்த்தார். நான் கேட்கவில்லை என்று தலையாட்டினேன். பிறகு திரையைப் பார்த்தார். மோவாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அக்கா இரண்டாம் தரம் கேட்கவில்லை. அவரும் பதில் சொல்லவில்லை. விசில் ஊதினார்கள். சொம்பைப் பானைமேல் கவிழ்த்துவிட்டுப் போனார். போகிற வழியில் கையைப் பின்னால் கொண்டுபோய் உருமாலின் முடிச்சைத் தொட்டார். அவர் அதைத் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இறுக்கிக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

இரண்டாம் பாதியில் சோல்ஜர்கள் மோதிக்கொண்டே இருந்தார்கள். கோல் காக்கிறவன் அன்று இடப்பக்கமும் புலியாகிவிட்டான். வெயில் சாய்ந்து, இதற்குமேல் ஒன்றும் நடக்காது என்று ஜனங்கள் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழும் நேரத்தில், இடது ஓரத்து மான் ஒருவழியாக யோசித்துப் பந்தைத் தூக்கி அடித்தான். அது கோலுக்கு நேரே, உயரமாக வந்தது. ஒட்டகமே, ஒட்டகமே என்று மைதானம் முழுவதும் கத்தியது. குனிவார் என்று எனக்குத் தெரியும்.

குனியவில்லை. எம்பினார். நெற்றியால் ஒரு முட்டு. பந்து உள்ளே, உருமால் வெளியே.

தலை பளிச்சென்று தெரிந்தது. கிராப்பு. பட்டாளத்துத் துரை மாதிரி ஒட்ட வெட்டிய கிராப்பு. உருமாலோடு கூட ஒரு கருப்பு உருண்டை புல்லில் விழுந்து உருண்டது. என்றோ வெட்டிய தம் குடுமியையே சுருட்டி உருமாலுக்குள் வைத்துத் தைத்திருந்தார். விசில் ஊதுகிற வெள்ளைக்காரர் செத்த எலி என்று நினைத்து எட்டிக் குதித்தார். ஜெயித்த கல்லூரி கத்துவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தது. சித்தப்பா அழுதுவிட்டார். அது கோலுக்காகத்தான்.

பெஞ்சியில் பையனின் தகப்பனார் எழுந்தார். "சாக்கு, சாக்கு" என்று கன்னடத்தில் சொன்னார், போதும் என்று. குடையை விரித்துக்கொண்டு நடந்தார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

திரும்பும் வழியில் அத்தைக்கு ஒரே சந்தோஷம். "புண்ணு இல்ல, புழுவெட்டு இல்ல, வலிப்பும் இல்ல. வெறும் கிராப்பு! முடி வளரும், போ!" என்றாள். அப்பாவுக்குத்தான் முகம் சுண்டிவிட்டது. "பெத்தவனை ஏமாத்தினவன். தலையை மறைச்சவன் நாளைக்கு எதைத்தான் மறைக்கமாட்டான்? இந்தப் பேச்சு இதோட முடிஞ்சுது" என்றார். அக்கா வெளியே பார்த்தபடி வந்தாள். இருந்த ஒரே நல்ல வரன் அது. அடுத்தபடி காத்திருந்தவர் அத்திபெலேயில் இரண்டாந்தாரம் தேடிக்கொண்டிருந்த புளி வியாபாரி.

மறுநாள் காலை அப்பா கச்சேரிக்குப் புறப்பட்டார். அவர் தலைப்பாகை நீளமான மஸ்லின். ஒரு நுனியை அக்கா கூடத்தின் அந்தக் கோடியில் பிடித்துக்கொண்டு நிற்பாள், அப்பா மறு நுனியிலிருந்து சுற்றிக்கொண்டே அவளை நோக்கி வருவார். தினம் நடப்பதுதான். அன்று பாதி சுற்றியதும் துணி நகரவில்லை. அக்கா இழுத்துப் பிடித்திருந்தாள்.

"விடும்மா, நேரமாச்சு."

"அவர் நம்மளை ஏமாத்தலைப்பா. நான் கேட்டேன், அவர் சொல்லிட்டாரு."

அத்தையின் கை வாய்க்குப் போனது. "நீ கேட்டியா? ஆம்பிளைகிட்டயா?"

அப்பா பாதித் தலைப்பாகையோடு நின்றார். "எப்போ கேட்டே?"

"ஹாஃப் டைமில."

"எப்போ சொன்னான்?"

"அப்புறமா. எல்லாருக்கும் எதிரில. அவங்க அப்பாவுக்கும் எதிரில."

எனக்குப் பொறுக்கவில்லை. ஆட்டத்தில் பொய் சொல்ல நான் விட்டதில்லை, வீட்டில் விடுவேனா? "பொய்! பொய்! அப்பா, நான் அங்கேயேதான் நின்னேன். அக்கா கேட்டா. அவர் வாயே தொறக்கல. தண்ணி குடிச்சாரு, போயிட்டாரு. அவ்வளவுதான்!" என்று கூவினேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மீதித் துணியைச் சுற்றிக்கொண்டே அவளிடம் வந்தார். அவள் கையிலிருந்த நுனியை வாங்கிச் செருகிக்கொண்டு, "சாயங்காலம் ஆனேக்கலுக்கு ஒரு வண்டி பேசணும்" என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெரியவரைச் சமாதானம் செய்யத் தை மாதம் வரைக்கும் ஆயிற்று என்பது வேறு கதை.

எனக்கு ஒரே ஆத்திரம். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னவள் நான். என்னை விட்டுவிட்டு, பொய் சொன்னவள் பேச்சைக் கேட்டு வண்டி பேசுகிறார்களே! கல்யாணத்தில் எல்லாரும் அட்சதை போட்டார்கள். நான் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையின் கிராப்புத் தலையையும் அக்காவின் குனிந்த தலையையும் மாறி மாறிப் பார்த்தேன். இவர் எப்போது சொன்னார், எந்த வாயால் சொன்னார், என் கண்ணுக்கும் காதுக்கும் தப்பி எப்படிச் சொன்னார் என்று அட்சதையைக் கைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு யோசித்தேன். கடைசிவரை போடவில்லை.