வலது கை விரிந்த காலை

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழையும் இருக்கும், நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வெளி ஆளைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்ரீவராகத்தில் ஒரு கடையில் நேந்திரங்காய் சிப்ஸ் வறுப்பது என் வேலை. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து எங்களுக்கு மகள் பிறந்தாள். பிரசவம் கஷ்டம்தான், குழந்தையின் தோள் சிக்கிக்கொண்டது. வீட்டுக்கு வந்தபிறகு சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிட்டாள். பிள்ளை பயப்படுகிறது என்று என் அக்கா கறுப்புச் சரடு கட்டி, இரண்டு கையையும் சேர்த்துத் துணியில் இறுக்கிச் சுற்றிவைத்தாள். எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வதுதான். குளிப்பாட்டும்போது வலது கை சும்மா கிடந்ததை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அந்தக் கையில் விரலை வைத்தால் கெட்டியாகப் பிடிப்பாளே!

தடுப்பூசி போடப் போன இடத்தில், பிள்ளை பயப்படுகிறது என்று சுற்றியிருக்கிறோம் என்று என் மனைவி சொல்ல, டாக்டரம்மா துணியை அவிழ்த்தார். குழந்தையின் தலையைத் தாங்கியபடி சட்டென்று கொஞ்சம் தாழ்த்தினார். இடது கை விரிந்து, கட்டிப்பிடிக்க வருவதுபோல் மடங்கியது. வலது கை அசையவில்லை.

"இது பயமில்லை, கேட்டோ. எல்லாக் குழந்தைக்கும் உள்ளதுதான். ஆனா ரெண்டு கையும் ஒண்ணா விரியணும்" என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். பிறக்கும்போது தோள் நரம்பு இழுபட்டிருக்கிறதாம்.

என் மனைவி அழுதாள். நான் என் விரலை மகளின் வலது கையில் வைத்துக் காட்டினேன். பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா முகம் மலர்ந்தது. "நல்லதாச்சே! விரலுக்குப் போற நரம்பு சரியா இருக்கு. தோளுக்கும் அசைவு வரலாம்."

துணி சுற்றுவதை நிறுத்தினோம். அங்கே பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லித்தந்தபடி, தினமும் வேலைக்குப் போகுமுன் அந்தக் கையை மெதுவாகத் தூக்கி இறக்குவேன்.

ஒருநாள் காலை என் கையிலிருந்து குக்கர் மூடி விழுந்தது. மகள் திடுக்கிட்டாள். இடது கை விரிந்தது. சற்றுத் தாழ்வாக, வலது கையும் விரிந்தது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

அக்கா ஓடிவந்தாள். "ஏலே, பிள்ளை பயந்ததுக்குச் சிரிக்கிற அப்பனை இப்பத்தான் பார்க்கேன்!"

"இன்னொரு தடவை போடட்டுமாக்கா?" என்றேன்.

இப்போது மகள் வலது கையால்தான் சோறு அள்ளி இறைக்கிறாள். டாக்டரம்மாவிடம் நன்றி சொல்லப் போய், வாசலில் கூட்டத்தைப் பார்த்துக் கூசித் திரும்பிவிட்டேன். அந்த நன்றியை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆவணி 5, வெள்ளிக்கிழமை.