இரவல் ட்ரில்

பிரெஞ்சு பேசும் ஒரு வெளிநாட்டு நகரில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் உள்ள தேவாலயத்தின் அடித்தளத்தில் வரிசையில் நிற்கிறேன். இங்கே புத்தகத்துக்குப் பதில் ரம்பமும் சுத்தியலும் இரவல் தருகிறார்கள். வாங்கிக் குவிக்காமல் பகிர்ந்துகொள்ளச் சொல்வது இவர்களின் கொள்கை. நான் தங்கியிருக்கும் நண்பன் வீட்டில் திரைச்சீலைக் கம்பி நேற்றுக் கழன்று விழுந்துவிட்டது. எதிர்க் கட்டடத்தின் கண்முன்னேதான் உடை மாற்றுகிறோம்.

அலமாரியில் மிச்சமிருப்பது ஒரே ஒரு ட்ரில் மெஷின். எனக்கு முன்னால் நிற்பவர் அதை வாங்கிக்கொண்டு, கவுன்டர் பெண்ணிடம் "மெர்சி" என்று நன்றி சொல்கிறார். "அடடா" என்று என் வாய் முணுமுணுக்கிறது. அவர் திரும்பி இலங்கைத் தமிழில் கேட்கிறார்.

"தம்பி இந்தியாவோ?"

"ஆமாங்க. உங்க வீட்டுல ட்ரில் இல்லையா?"

"ஓம், இருக்கு. நல்ல சாமான். வாங்கி வருசமாச்சு, இன்னும் பெட்டி உடைக்கேல்லை."

"அப்புறம் இது எதுக்கு?"

"அதைப் பாவிச்சால் பழசாய்ப் போயிடுமெல்லோ!"

எனக்கு எரிகிறது. "இதை வச்சு அப்படி என்ன வேலை?"

"சுவரிலை துளை போட்டு ஒரு கண்ணாடி ஷோகேஸ் பூட்டப் போறன்."

"ஷோகேஸ்ல என்ன வைப்பீங்க?"

இரவல் ட்ரில்லை மார்போடு அணைத்தபடி, இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்க்கிறார்.

"என்ரை ட்ரில்லைத்தான்."